கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு: மரம், அளவு, கூரை பற்றி ஆலோசனை தேவை

கரிசல்வாசி

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண். வீட்டுக்குப் பின்னால் 25 அடிக்கு 20 அடி காலி இடம் இருக்கிறது. மேற்கு மூலையில் ஒரு வேம்பு, தெற்குச் சுவரை ஒட்டி 2 தென்னை. பிள்ளைகளுக்கு வயது 4, 7. தரையிலிருந்து 4 அடி உயரத்தில் மேடை, மேலே கூரை போட்ட சின்ன வீடு, ஒரு சறுக்குமரம், இதுதான் திட்டம்.

மரத்தில் செய்வதா, இரும்பிலா? தூணை நேராக மண்ணில் புதைக்கலாமா? கூரைக்கு எது சரி? ஒரு பக்கத்தை வேம்பிலேயே தாங்க வைத்தால் 2 தூண் மிச்சமாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசித் தச்சு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேம்பில் தாங்கு கொடுக்காதீர்கள். மரம் காற்றுக்கு ஆடும், வீடு ஆடக்கூடாது. இரண்டையும் ஒரே போல்ட்டில் பிணைத்தால் ஒவ்வொரு காற்றிலும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகலும், பிறகு சட்டம் பிளக்கும். 4 தூணும் தனியே நிற்கட்டும், வேம்பின் நிழலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டிலிருந்து 6 அடியாவது தள்ளிக் குழி எடுத்தால்தான் பெரிய வேர் அடிபடாது. வேலை தொடங்கும் முன்னரே பட்டுப்போன கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

தென்னைக்குக் கீழே எதுவும் வேண்டாம். நெற்று விழும், மட்டை விழும், காற்றில் இன்னும் தள்ளிப் போய் விழும். தென்னையின் ஓலை எவ்வளவு தூரம் விரிகிறதோ அதற்கு வெளியே வீடு இருக்க வேண்டும்.

தூணை மண்ணில் புதைக்கவே கூடாது. வைரம் பாய்ந்த தேக்காக இருந்தாலும் மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் உயரத்தில்தான் முதலில் உளுக்கும். அடியில் ஈரம், மேலே காற்று, பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் அங்கேதான் கிடைக்கிறது. கரையானுக்கும் அதுதான் வாசல். சுற்றிலும் சிமென்ட் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். உண்மையில் இன்னும் மோசம். மரம் காய்ந்து சுருங்கியதும் சிமென்ட்டுக்கும் தூணுக்கும் நடுவே இடுக்கு விழும், மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கும், வெளியேற வழியிருக்காது.

சரியான வழி யு வடிவ இரும்புச் செருப்பு. 6 மி.மீ. பட்டையில் எந்தக் கிரில் பட்டறையிலும் செய்து தருவார்கள். அடியில் ஒரு அடி நீளத்துக்கு 16 மி.மீ. கம்பி வைத்துப் பற்றவைத்து, கம்பியின் நுனியை எல் போல வளைக்கச் சொல்லுங்கள். கம்பி காங்கிரீட்டுக்குள் போகும், யு மேலே நிற்கும், தூண் அதற்குள் உட்காரும், குறுக்கே 2 போல்ட். காங்கிரீட் தலை தரைக்கு மேல் 4 அங்குலம், அதிலிருந்து தூணின் அடி 2 அங்குலம் மேலே. இந்த 2 அங்குலம்தான் முக்கியம். தண்ணீர் தங்காது, கரையான் ஏறினாலும் மண் கோடு இரும்பின் மேல் வெளிப்படையாகத் தெரியும், அன்றைக்கே தட்டிவிடலாம்.

பாலர்தோட்டம்

உயரத்தைப் பற்றி ஒன்று. 4 வயதுப் பிள்ளைக்கு 4 அடி மேடை வேண்டாம். 2 அடி போதும். சறுக்குமரம் வைக்கலாம், அடியில் குனிந்து ஒளியலாம், விழுந்தாலும் பெரிய காயம் ஆகாது. 4 அடிக்குப் போனால் தடுப்பின் உயரம், கீழே போடும் மணலின் ஆழம், படியின் நீளம் எல்லாமே கூடும். பிள்ளைகள் அந்த வீட்டில் கடை வைத்து, சோறாக்கி, பள்ளிக்கூடம் நடத்தி விளையாடுவார்கள். அதற்கு உயரம் தேவையில்லை, பரப்பளவுதான் தேவை.

அதைவிட முக்கியமானது இடைவெளி. எந்த ஓட்டையும் 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் இடையில் இருக்கக்கூடாது. விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பாவின் ஈ.என். 1176 தரத்தில் இந்த அளவுதான், அமெரிக்காவின் விளையாட்டுத்திடல் பாதுகாப்புக் கையேட்டில் 3½ முதல் 9 அங்குலம் என்று அதையே சொல்கிறார்கள். காரணம் எளிது: சின்னப் பிள்ளையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், தலை நுழையாது. உடம்பு கீழே தொங்க, கழுத்து மாட்டிக்கொள்ளும். அதனால் கம்பியோ பலகையோ, இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 3½ அங்குல அகலத்தில் ஒரு கட்டையைச் சீவி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழைகிறதோ அங்கே வேலை பாக்கி.

பலரும் கோட்டைவிடுவது படியில். 2 அடி உயரத்துக்கு 8 அங்குலம் வீதம் படி வைப்பார்கள், பின்பக்கம் திறந்திருக்கும். படிப்பலகையின் கனம் 1 அங்குலம் போக மிச்ச இடுக்கு 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. ஆபத்தான அளவுக்குள் நேராக வந்து உட்கார்ந்துவிட்டது. பின்பக்கத்தைப் பலகை அடித்து மூடுங்கள்.

தடுப்பில் பலகைகளைச் செங்குத்தாக அடியுங்கள். படுக்கை வசத்தில் அடித்தால் அதுவே ஏணி, 4 வயதுப் பிள்ளை ஏறி மேலே நிற்கும்.

பட்டறை மணி

தச்சண்ணன் சொன்ன செருப்பு சரி. ஆனால் நல்ல மரம் கிடைக்காத ஊரில் சட்டம் முழுவதையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாயில் போடலாம். தூணுக்கு 2 அங்குலச் சதுரம், 2 மி.மீ. கனம். மேடைக்கு 2க்கு 1 குழாய். ஒரே நாளில் நிமிர்த்திவிடலாம், கரையான் பயம் இல்லை.

இதில் கெடுவது 2 இடம். ஒன்று, பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் 2 பூச்சு கொடுக்காவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே அந்த இடம் சிவக்கும். இரண்டு, குழாயின் வாய். மூடாமல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி உட்புறமாகத் துரு பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அந்த வாயில்தான் குளவியும் கூடு கட்டும். எல்லா வாய்க்கும் தகடு வைத்துப் பற்றவையுங்கள், பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்துவிடும். இன்னொன்று, பற்றவைத்த இடத்தின் கூர்முனையைக் கிரைண்டரால் தேய்த்து, துணியை மேலே ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டினால் பிள்ளையின் கையும் கிழியும்.

தென்காசித் தச்சு

மணி சொல்வது நல்ல வழிதான். ஆனால் கத்திரி வெயிலில் இரும்புக் கைப்பிடியைப் பிள்ளை தொட முடியாது. இரும்பில் செய்தாலும் கை படும் இடம், உட்காரும் இடம், தரை மூன்றும் மரமாக இருக்கட்டும்.

மரத்தில் செய்பவர்களுக்கு அளவு சொல்கிறேன். 5½ அடி அகலம், 5 அடி ஆழம். இந்த அரை அடிக் கணக்குக்குக் காரணம் கூரைத் தகடு. கடையில் கிடைக்கும் கலர் தகட்டின் அகலம் ஏறத்தாழ 3½ அடி. 2 தகட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போட்டால் 6¾ அடி மூடும். பக்கத்துக்கு 7 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சாரல் உள்ளே வராது. 6 அடி அகலம் வைத்தால் நீட்டம் போதாது, மூன்றாவது தகடு வாங்கிப் பாதியை வெட்டி எறிய வேண்டும்.

முன் தூண் 2, பின் தூண் 2, எல்லாம் 4க்கு 4 அங்குலம் (இனி மரக் கனமெல்லாம் அங்குலத்தில்தான்). தரைமட்டத்திலிருந்து முன்பக்க உச்சி 7½ அடி, பின்பக்கம் 6½ அடி. செருப்பு அரை அடி எடுத்துக்கொள்வதால் தூணின் நீளம் 7 அடியும் 6 அடியும். மேடை 2 அடியில் வரும், உள்ளே முன்பக்கம் 5½ அடி, பின்பக்கம் 4½ அடி உயரம் கிடைக்கும். இப்போது 7 வயதுப் பிள்ளை 12 வயதிலும் நிமிர்ந்து நிற்கலாம்.

மேடைக்கு முன்னும் பின்னும் 5க்கு 2 உத்திரம், நிறுத்து வாக்கில். தூணின் உள்முகத்தில் 1 அங்குலம் வெட்டி அதில் உத்திரத்தை உட்கார வைத்து, பிறகு 12 மி.மீ. போல்ட் 2 போடுங்கள். வெட்டு இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் மொத்தப் பாரமும் 2 துளையின் அடிவிளிம்பில் இறங்கும், நாளாக நாளாகத் தூண் நார்வழியே பிளக்கும். உத்திரத்தின் மேல் 3க்கு 2 சட்டம் 5, ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு ஒன்று. அதன் மேல் 4க்கு 1 பலகை 14, நடுவே 2 நூல் (கால் அங்குலம்) இடைவெளி. 14 பலகையும் 13 இடைவெளியும் சேர்ந்து 59¼ அங்குலம் வரும், 5 அடிக்குள் அடங்கும். இடைவெளியே விடாமல் நெருக்கி அடித்தால் ஐப்பசி மழையில் பலகை ஊதி நடுவில் எழும்பும். அகலமாக விட்டால் பிள்ளையின் விரல் மாட்டும்.

உத்திரமும் தூணும் சேரும் மூலைகளில் 45 பாகைச் சாய்வில் ஒன்றரை அடி நீளக் கைத்தாங்கி, மொத்தம் 8. இதை மிச்சப்படுத்துபவர்கள் அதிகம். நேர்ப்பாரத்துக்கு வீடு தாங்கும், ஆனால் 3 பிள்ளைகள் ஒரே பக்கம் ஓடி நின்றால் ஆடும். ஆட ஆட எல்லாப் போல்ட்டும் தளரும்.

3 அடி உயர அரைச்சுவருக்கு 3 அங்குல அகல, முக்கால் அங்குலக் கனப் பலகை 36. அதற்கு மேலும் கீழும் 2க்கு 2 சட்டம். கூரைக்கு 4க்கு 2 உத்திரம் 2, 3க்கு 2 கைமரம் 4, தகட்டைத் தாங்கும் 2க்கு 1 ரீப்பர் 4 வரிசை. எல்லாம் சேர்த்து 13 கன அடிக்குச் சற்றுக் குறைவு. இழைப்பு, வெட்டுச் சேதாரம் போக 15 கன அடி வாங்குங்கள்.

கரிசல்வாசி

மிக்க நன்றி. 2 அடி உயரத்துக்கே வந்துவிடுகிறேன். கரிசல் மண் மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்குமே, குழி எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்? மரத்தில் வேம்பு எளிதாகக் கிடைக்கிறது, போதுமா? பழைய மாட்டுக்கொட்டகையில் இறக்கிய சிமென்ட் அட்டை கொஞ்சம் இருக்கிறது, அதைக் கூரைக்குப் போடலாமா?

கட்டடம் வேலன்

கரிசலில் 3 அடி ஆழம், 1 அடிக்கு 1 அடி. அடியில் அரை அடி சரளைச் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து நன்றாக இடியுங்கள். அதன் மேல் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) காங்கிரீட். தரைக்கு மேல் வரும் 4 அங்குலத்தையும் சேர்த்து 4 குழிக்கும் 2 மூட்டை சிமென்ட், 5 கன அடி மணல், 10 கன அடி முக்கால் அங்குல ஜல்லி சரியாக வரும். தலையை நடுவில் மேடாக்கி நாலு பக்கமும் சரிவாகப் பூசுங்கள். 7 நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்து அப்புறம் தூணை நிறுத்துங்கள்.

கரிசலில் ஆழத்தைவிட ஈரம் ஒரே சீராக இருப்பது முக்கியம். ஒரு தூணின் பக்கம் குழாயடி, மறுபக்கம் காய்ந்த தரை என்றிருந்தால் அந்தத் தூண் மட்டும் எழும்பும், வீடு முறுக்கிக்கொள்ளும். கதவுச் சட்டம் முதலில் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் தேய்க்கும் தண்ணீர், கூரைத் தண்ணீர் எதுவும் தூணடியில் விழாமல் திருப்பிவிடுங்கள். அப்படியும் ஒரு தூண் இறங்கினால் பயப்பட வேண்டாம். ஜாக்கி வைத்துத் தூக்கி, 2 போல்ட்டைக் கழற்றி, செருப்புக்குள் இரும்புத் தகட்டுத் துண்டு வைத்து மட்டம் பார்த்து, பழைய துளைக்கு விலகி மரத்தில் புதுத்துளை போட்டுக்கொள்ளலாம். தூண் புதைத்திருந்தால் இதைச் செய்யவே முடியாது.

குழி எடுக்க ஏற்ற காலம் மழை முடிந்து தை, மாசி. வெடிப்பு விட்ட கோடையில் எடுத்தால் குழியின் சுவரே உதிரும்.

சிமென்ட் அட்டை கண்டிப்பாக வேண்டாம். பழையது என்றால் அநேகமாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தது. வெட்டும்போதும், துளை போடும்போதும், உடையும்போதும் நார்த்தூசு பறக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகள் கையெட்டும் உயரத்தில் அதை வைக்கவே கூடாது. உடைக்காமல் நனைத்து ஓரமாக அடுக்கி மூடிவையுங்கள்.

தென்காசித் தச்சு

வேம்பு தாராளமாகப் போதும், வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்தால். அறுத்த பலகையில் நடுவில் செம்பழுப்பாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை. வெள்ளையை வண்டு துளைக்கும், அடியில் மாவு கொட்டும். தூணிலும் உத்திரத்திலும் வெள்ளை இருக்கவே கூடாது. அரைச்சுவர்ப் பலகையில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை.

வேம்பின் குறை ஒன்றுதான்: பச்சையாக அடித்தால் முறுக்கும், வெடிக்கும். அறுத்ததும் நிழலில், தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து அடுக்கிவையுங்கள். அடுக்கின் தலையில் கல் ஏற்றுங்கள், பலகை வளையாது. பலகையின் 2 முனையிலும் பெயிண்ட் அடித்துவிட்டால் முனைவெடிப்பு குறையும். 1 அங்குலப் பலகைக்கு 3 மாதமாவது வேண்டும், 4 அங்குலத் தூண் அதற்குள் உள்ளே காயாது. அதனால் தூணுக்கு மட்டும் பழைய வீடு இடித்த மரம் தேடுங்கள். பல வருடம் காய்ந்த தேக்கு, வேங்கைத் தூண்கள் பழைய மரக்கடையில் கிடைக்கும். ஆணி உள்ளே இருக்கும், இழைக்கும் முன் காந்தம் ஓட்டிப் பாருங்கள். பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். பெயிண்ட் இல்லாத கட்டையாகவே எடுப்பது நல்லது.

சவுக்குக் கம்பு மலிவு, நிமிர்ந்து நிற்கும், ஆனால் இந்த வேலைக்கு ஆயுசு குறைவு. ரப்பர் மரம் வீட்டுக்குள் போடும் சாமானுக்கு நல்லது, மழைக்கு ஆகாது.

வலிகாமம்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் கூரை வேலைக்குப் பனைதான். வைரம் ஏறின முதிர்ந்த பனையின்ர கைமரமும் சிலாகையும் (ரீப்பர்) கரையானுக்கு லேசில அசையாது. உங்கட பக்கமும் பனை இருக்கும்தானே, கூரைக்குப் பாவிக்கலாம். ஆனால் பிள்ளையளின்ர கை படுற இடத்தில வேண்டாம். பனஞ்சிராய் ஊசி மாதிரி, ஏறினால் தோலுக்குள்ள முறிஞ்சு நிக்கும். எவ்வளவு சீவினாலும் நார் எழும்பிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேல பனை, கைக்கு வேம்பு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

கூரைக்குக் கிடுகு (பின்னின தென்னோலை) வேய்ஞ்சால் குளிர்ச்சி, ஆனால் ஒண்டிரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும், அடுப்பு, வாணவேடிக்கை நெருப்பு எட்டாத இடமாயும் இருக்க வேணும். தகரத்தைப் போட்டு அதுக்குக் கீழ நாலு விரல் இடைவெளி விட்டு ஓலைத்தட்டி கட்டினால் ரெண்டு நன்மையும் கிடைக்கும்.

நாகைக்கடல்

வலிகாமம் சொன்ன தட்டி யோசனை அருமை. தகட்டின் நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். அரைச்சுவருக்கு மேலே நாலு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். மூடிய பெட்டி போல் கட்டினால் பங்குனி, சித்திரையில் பிள்ளைகள் உள்ளே போகவே மாட்டார்கள், போனாலும் விடக்கூடாது. தாழ்ந்த பின்பக்கத்தை மேற்கே பார்த்து வையுங்கள். சாயங்கால வெயிலை அது மறைக்கும்.

இனி காற்று. இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரத்தின் காற்று வரைபடத்தில் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர். 39 மீட்டரிலேயே சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். உங்கள் கூரை 4.4 சதுர மீட்டர், ஆக 400 கிலோ மேலே இழுக்கும். மரம் முழுவதும் சேர்ந்தாலே 260 கிலோதான் வரும், தகடு இன்னும் 20 கிலோ. வீட்டின் எடை மட்டும் போதாது என்பது கண்கூடு. கீழே 4 குழியிலும் உள்ள காங்கிரீட் ஏறத்தாழ 770 கிலோ, அது பிடித்துக்கொள்ளும். ஆனால் தகட்டிலிருந்து குழிவரைக்கும் ஒரு கண்ணியும் விடுபடாமல் பிணைத்திருந்தால் மட்டுமே. ரீப்பர் கைமரத்தில் ஆணியால், கைமரம் உத்திரத்தில் ஆணியால் என்றிருந்தால் காற்று ஆணியைப் பிடுங்கிவிடும். கைமரம் உத்திரத்தில் உட்காரும் 8 இடத்திலும் இரும்பு எல் கிளாம்பு, ஸ்குரூ போட்டு. ரீப்பருக்கு ஆணி வேண்டவே வேண்டாம், 3 அங்குல ஸ்குரூ.

தகட்டுக்கு ரப்பர் வாசர் வைத்த ஸ்குரூ 40 வாங்குங்கள். தகட்டின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன் மேல்தான் ஓடும். ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து ஒழுகும்.

மொத்தச் சாமான்: 12 மி.மீ. போல்ட் 6 அங்குலம் 20. அதில் செருப்புக்கு 8, மேடை உத்திரத்துக்கு 8, கூரை உத்திரத்துக்கு 4. ஒவ்வொன்றுக்கும் 2 வாசர். தரைப் பலகைக்கு 2½ அங்குல ஸ்குரூ 140, அரைச்சுவருக்கு 1½ அங்குலம் 150. கைத்தாங்கிக்கும் ரீப்பருக்கும் 3 அங்குலம் 50. கடலோரம் என்றால் எல்லாம் ஸ்டெயின்லெஸ் 304. உள்மாவட்டத்தில் ஜி.ஐ. போதும். ஸ்குரூ போடும் முன் மெல்லிய பிட்டால் துளை போட்டுக்கொள்ளுங்கள். வேம்பு காய்ந்தபின் ஓரத்தில் நேராக ஏற்றினால் பிளக்கும். பிள்ளைகள் பக்கம் நீட்டும் போல்ட் நுனியை அறுத்துத் தேய்த்து, குமிழ் நட்டு போட்டு மூடுங்கள்.

கரிசல்வாசி

அரைச்சுவர், கூரை எல்லாம் தெளிவாகிவிட்டது. மரத்துக்கு மேல்பூச்சு? இங்கே எல்லோரும் வண்டியில் மாற்றிய கழிவு ஆயிலை அடிக்கிறார்கள். கீழே மணலுக்கு எம்-சாண்ட் கொட்டலாமா?

பாலர்தோட்டம்

கழிவு ஆயில் வேலிக்கம்புக்கு அடிப்பார்கள், பிள்ளைகள் தொடும் மரத்துக்கு வேண்டாம். எரிந்த எண்ணெயில் தோலுக்கும் உடம்புக்கும் கேடான பொருள்கள் உண்டு, பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். தாரும் அப்படியே. கடலோரத்தில் அடிக்கிற முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்துக்கு நல்ல காப்பு, ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். அதுவும் வேண்டாம்.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் ஈயம் இல்லாதது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவின் மேல் அந்த வாசகம் அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். கடை மூலையில் கிடக்கும் பழைய டப்பா, இரும்புக்கும் எந்திரத்துக்கும் அடிக்கிற தொழிற்சாலைப் பெயிண்ட் இரண்டையும் தவிருங்கள். சின்னப் பிள்ளைகள் கட்டையைக் கடிப்பார்கள்.

எம்-சாண்ட் கூடாது. அதன் பருக்கை கூர்மையானது, தூளும் அதிகம். நனைந்து காய்ந்தால் இறுகித் தரை போல் ஆகிவிடும், விழுகிறவரைத் தாங்காது. உருண்டைப் பருக்கையுள்ள, கழுவிய மணல்தான் வேண்டும். 9 அங்குல ஆழம் கொட்டினால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்பது அமெரிக்கக் கையேட்டின் அட்டவணை. உங்கள் 2 அடி மேடைக்கு அது தாராளம், தடுப்பில் ஏறி விழும் பிள்ளையையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன். இறுகாமல் இருக்க மாதம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறுங்கள். இரவில் வலை போட்டு மூடாவிட்டால் பூனை வந்துவிடும்.

சுற்றிலும் 6 அடி காலியாக இருக்க வேண்டும், கல், திண்ணை, தொட்டி எதுவும் இல்லாமல். சறுக்குமரத்தை 25 அடி நீளவாக்கில் வைத்தால் 6 அடி வெற்றிடம், 5½ அடி வீடு, 5 அடி சறுக்கு, மறுபடி 6 அடி, மொத்தம் 22½. உங்கள் இடத்தில் கொள்ளும். சறுக்குமரத்தின் சாய்வு 30 பாகைக்கு மேல் போகக்கூடாது. 2 அடி உயரத்துக்கு 4 அடி நீளம் குறைந்தபட்சம், 5 அடி இதம். தகரச் சறுக்கு வெயிலில் சுடும், கெட்டியான பிளாஸ்டிக் வாங்கி வடக்கு நோக்கி வையுங்கள். அப்படி வைக்க இடம் ஒத்துவராவிட்டால் வேம்பின் நிழல் விழும் பக்கம்.

கூரை உத்திரத்தில் கயிறு, சேலை, துப்பட்டா எதையும் கட்ட விடாதீர்கள். தூளி, ஊஞ்சல் எல்லாம் தனிச் சட்டத்தில்தான். சறுக்குமரத்தின் அருகே தொங்கும் கயிறுதான் கழுத்தில் சுற்றும்.

தென்காசித் தச்சு

பூச்சு இப்படி: வெங்காரம் (போராக்ஸ்) 600 கிராம், போரிக் ஆசிட் 400 கிராம், 10 லிட்டர் சுடுதண்ணீரில் கரையுங்கள். காய்ந்த கட்டையை வெட்டி, துளை போட்டு முடித்தபிறகு, பூட்டுவதற்கு முன் 2 தடவை பிரஷ்ஷால் ஊற ஊற அடியுங்கள். வெட்டுமுகத்திலும் துளைக்குள்ளும் கூடுதலாக. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். இந்தக் கரைசல் வண்டுக்கும் கரையானுக்கும் நல்லது, ஆனால் மழையில் கரைந்துபோகும். அதனால் நன்றாக உலர்ந்தபின் மேலே பெயிண்டோ ஆளிவிதை எண்ணெயோ கட்டாயம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடேறும், குவிந்த துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

பூட்டும் முன் எல்லா விளிம்பையும் இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளி மழுக்குங்கள், பிறகு 80, 120 எண் உப்புத்தாள். சிராய் ஏறாமலிருக்க இதுதான் வழி, பெயிண்ட் மட்டும் அதைத் தடுக்காது.

கரிசல்வாசி

கடைசியாக ஒன்று. குழிகளைச் சதுரம் தப்பாமல் குறிப்பது எப்படி? மூலைமட்டம் சின்னதுதான் இருக்கிறது.

கட்டடம் வேலன்

சின்ன மூலைமட்டத்தை நம்ப வேண்டாம், நூல் போதும். குழியின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அகலவாக்கில் 5 அடி 2 அங்குலம், ஆழவாக்கில் 4 அடி 8 அங்குலம். தூணின் வெளிமுகத்துக்கு 5½, 5 அடி வருவதால் 4 அங்குலம் கழித்திருக்கிறேன். 4 முளை அடித்து நூல் கட்டிவிட்டு 2 மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் 6 அடி 11½ அங்குலம் வந்தால் சதுரம் சரி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் ஒரு பக்கத்து முளை இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள், ஒன்றை மட்டும் நகர்த்தினால் பக்க அளவு கெடும்.

முளையை நேராகக் குழி எல்லைக்குள் அடித்தால் தோண்டும்போது போய்விடும். 2 அடி வெளியே தள்ளி அடித்து, நூலைக் குறுக்காக ஓடவிடுங்கள். நூல் வெட்டுகிற புள்ளிதான் குழியின் நடு. காங்கிரீட் ஊற்றியதும் அதே நூலை மறுபடி கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ஈரம் காயும் முன் செருப்பை அதற்கு நேராக நிறுத்துங்கள். 4 செருப்பின் தட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் பாருங்கள். கால் அங்குல வித்தியாசம் வந்தால் காங்கிரீட்டைத் தட்டிச் சரிசெய்யலாம். மறுநாள் என்றால் தூணின் அடியைத்தான் அறுக்க வேண்டியிருக்கும். யு வாய் எல்லாம் ஒரே திசையைப் பார்த்திருக்கட்டும், போல்ட்டு முறுக்க ஸ்பேனர் நுழைய வேண்டும்.

தென்காசித் தச்சு

வேலன் சொன்னதோடு ஒன்று. முதல் மழைக்காலம் முடிந்ததும் 20 போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து முறுக்கிப் பாருங்கள். மரம் சுருங்கியிருக்கும், ஒவ்வொன்றும் அரைச் சுற்றாவது இறுகும். அதற்குப்பின் வருடம் ஒருமுறை போதும். அப்போதே தரைப் பலகைக்கு அடியில் குனிந்து செருப்பில் மண் கோடு இருக்கிறதா, உத்திரம் உட்காரும் வெட்டில் கறுப்பாக ஈரம் தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேடைக்கு அடியில் விறகு, தேங்காய்மட்டை எதையும் அடுக்காதீர்கள். பாம்பும் தேளும் அங்கேதான் வரும்.